தேமல் விழுந்த பலகை

அதட்டும்போதும் அன்பு தெரிகிற என் திரேசம்மா மச்சாளுக்கு,

நான் கடிதம் எழுதுகிறேன் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். "அன்புள்ள" என்று எழுதியதும் கை ஓய்ந்து, மிச்சத்தை உங்கள் மகள் றோசலினிடம் சொல்லி எழுதுவிக்கிற ஆள் நான். இதை மட்டும் நானே எழுதவேண்டும் என்று மூன்று நாளாகப் பட்டறையைப் பூட்டிவிட்டுக் குந்தியிருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைப் பொறுப்பது உங்களுக்குப் புதிதில்லையே.

வருகிற ஞாயிறு உங்கள் ஆண்டுப் பூசை. அன்புவழிபுரத்து வீட்டில் எல்லாரும் சுகம். றோசலினுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. நீங்கள் வைத்த முருங்கை காய்த்துத் தள்ளுகிறது, அயலுக்கெல்லாம் கொடுத்தும் முடியவில்லை. எனக்குத்தான் இடுப்பு சரியில்லை. சீவுளியைப் பத்துத் தரம் இழுத்தால் பதினொராம் தரம் ஏலாது.

இதைச் சொல்லவா பேனை எடுத்தேன்? இல்லை. போன ஞாயிறு கோயிலில் ஒரு கூட்டம் நடந்தது. சனம் இருக்கப் புதிதாகச் செய்வித்த வாங்குகள் தேக்கு நிறமாம், ஆகவே பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கும் அதே நிறம் அடிக்க வேண்டுமாம். பூசை வைக்கிற சுவாமி உள்ளே இருக்க, நாங்கள் பக்கத்தில் முழங்காலில் நின்று வலைப்பலகைக்குள்ளால் பாவத்தைச் சொல்கிற அந்தக் கூண்டுதான். நான் இணைத்து, நீங்கள் பொலிஷ் போட்டது.

கோயில் காரியங்களைப் பார்க்கிற மனுவேல் மூப்பர் இன்னும் மூப்பர்தான். பல் போய்விட்டது, பதவி போகவில்லை. அவர் எழும்பி நின்று சொன்னார்: "அது திரேசம்மா பழுதாக்கின சாமான். செத்த மனுசியைக் குறை சொல்லப்படாது, எண்டாலும் உண்மையைச் சொல்லத்தானே வேணும். இருவது வருசம் கழிச்சாவது அதைச் சரியாக்குவம்."

நான் நடு வாங்கில் இருந்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேனோ என்னவோ, எனக்கே தெரியவில்லை. வாயை மட்டும் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து கையைக் கழுவிவிட்டுச் சோற்றின் முன்னால் இருந்தேன், சாப்பிடாமல் எழும்பினேன். மச்சாள், அந்தத் தொட்டியைப் பழுதாக்கியது நீங்கள் இல்லை. நான்.

இந்தக் கடிதத்தைக் கேட்கப்போகிறவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான், கொஞ்சம் பொறுமையாக இருங்கள்.

என் யோசேப்பு அண்ணை டொக்யார்டில் பொலிஷ் வேலை செய்தவர். நான் ஓடாவி, மரத்தை அறுத்து இணைப்பது என் பாடு, மெருகு போடுவது அவர் பாடு. கிளிவெட்டியில் வயற்காரக் குடும்பத்தில் பிறந்து, அண்ணையைக் கட்டி, எங்கள் வேதத்துக்கு வந்தவர் நீங்கள். வந்த புதிதில் அண்ணைக்கு மெருகு தேய்க்கத் துணி கிழித்துக் கொடுத்தீர்கள். இரண்டு வருடத்தில் அண்ணை உங்களுக்குத் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். "இவளின்ர கைக்கு அரக்கு சொன்னபடி கேக்குது" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

அண்ணை நெஞ்சு வருத்தத்தில் போய்ச் சேர்ந்த பிறகு, அவருடைய ஸ்பிரிட் போத்தலையும், அதில் கரைத்து மெருகு போடுகிற அரக்குச் சீவலையும் நீங்கள் கையில் எடுத்தீர்கள். சனம் சும்மா இருக்குமா? பொம்பிளை பொலிஷ் போடுவதோ என்று கதை வந்தது. கிணற்றடியில் வைத்து ஒருத்தி உங்கள் முகத்துக்கு நேரே கேட்டாள். "குசினியில சட்டி மினுக்கிற கைதானே. அலுமாரியை மினுக்கினா தேஞ்சு போகுமோ?" என்றீர்கள். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு உங்கள்மேல் அன்றைக்கு வந்த மதிப்பு இன்றுவரை குறையவில்லை. பொறாமையும் அன்றைக்குத்தான் வந்தது, அதையும் சொல்லவேண்டும்.

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போன காலம். அவர்கள் விட்டுப்போன தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். துரைமார் நடனமாடிய மண்டபத்துத் தரைப்பலகையை நான் எடுத்தேன். வெள்ளை வெளேர் என்ற பலகை, இரும்பு மாதிரிக் கனம். என்ன மரம் என்று எவனுக்கும் தெரியாது. களஞ்சியத்தில் இருந்த ஒரு கிழவர் மட்டும் "மேப்பிள்" என்றார். எங்கள் கோயிலில் பழைய தொட்டியைக் கறையான் தின்று முடித்திருந்தது. நான் அந்தப் பலகையில் புதிதாகச் செய்து தருகிறேன் என்றேன்.

"வெள்ளைக்காரன் கட்டிப்பிடிச்சு ஆடின பலகையிலயோ நாங்கள் பாவம் சொல்லுறது?" என்று மூப்பர் முகத்தைச் சுளித்தார். அப்போதிருந்த சுவாமி சிரித்துவிட்டார். "அது பாக்காத பாவமே இல்லை. நீங்கள் போய்ச் சொல்லுறதைக் கேட்டுத் திடுக்கிடாது" என்றார். மூப்பர் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்: தொட்டி தேக்கு நிறத்தில் இருக்கவேண்டும், தவக்காலம் முடிவதற்குள் தரவேண்டும்.

நீங்கள் வந்து பலகையைப் பார்த்த விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கையால் தடவவில்லை, தட்டிப் பார்க்கவில்லை. ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். ஈரம் சில இடத்தில் உடனே உள்ளே போனது, சில இடத்தில் மேலேயே மினுங்கிக்கொண்டு நின்றது. ஒரே பலகைதான், ஒரே துணிதான்.

"மச்சான், இது எங்கட தேக்கும் இல்லை, முதிரையும் இல்லை. பாக்கத்தான் சாது. ஒவ்வொரு இடத்தில ஒவ்வொரு மாதிரிக் குடிக்கும். வெறும் மரத்தில சாயத்தைப் பூசினா தாகமான இடமெல்லாம் கறுத்துப் போகும். முதல்ல தண்ணி மாதிரி அரக்குக் கரைச்சு, முழுப் பலகைக்கும் ஒரு வாய் குடிக்கக் குடுக்கோணும். தாகம் தீந்த பிறகுதான் நிறத்தைக் காட்டலாம். அதுவும் துண்டுப் பலகையில பூசிப் பாத்து, அதுக்குப் பிறகுதான்."

எவ்வளவு தெளிவாகச் சொன்னீர்கள்! இன்றைக்கும் புது மரம் வந்தால் நான் முதலில் ஈரத்துணியைத்தான் தேடுகிறேன்.

அந்தக் கிழமை கிளிவெட்டியில் உங்கள் அம்மாவுக்குச் சுகமில்லை என்று ஆள் வந்தது. "நான் வாறவரைக்கும் ஒருத்தரும் நிறம் தொடப்படாது" என்று சொல்லிவிட்டு, மூதூர் லோஞ்ச் படகில் ஏறிப் போனீர்கள்.

அதற்குச் சில நாள் முன்னர் ஓர்ஸ் ஹில்லில் ஒரு உத்தியோகத்தர் வீட்டுக்கு அலுமாரி கொண்டுபோயிருந்தோம். அந்த அம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன வடிவாச் செய்திருக்கிறீங்கள்!" என்றார். அலுமாரியைத் தோளில் சுமந்து படியேற்றிய என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அறுத்தது நான், இணைத்தது நான், கதவு ஒட்டாமல் மூடவைத்தது நான். மச்சாள், ஒரு ஆம்பிளைக்கு அது எவ்வளவு சின்னத்தனமான கோபம் என்று இப்போது தெரிகிறது. அப்போது அது என்னைப் போட்டுத் தின்றது.

இரண்டாம் நாள் மூப்பர் பட்டறை வாசலில் நின்றே, "என்ன ஓடாவியார், பொம்பிளை வந்து உத்தரவு தந்தாத்தான் வேலை நடக்குமோ?" என்று கேட்டார். அவ்வளவுதான். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. அவர் போனதும், கோயிலில் இணைத்து நிறுத்தியிருந்த தொட்டிக்குப் போய்த் தேக்கு நிறச் சாயத் தகரத்தை உடைத்து, வெறும் மரத்தில் இழுத்தேன். முன்பக்கம், இரண்டு கதவு, கைவைக்கிற பலகை, எல்லாம் ஒரே மூச்சில்.

அரை மணித்தியாலத்தில் தேமல் விழுந்தது. வேறு எந்த வார்த்தையாலும் அதைச் சொல்ல ஏலாது. இங்கே கறுப்பு, அங்கே வெளிறல், நடுவில் சேற்றுத் தண்ணீர் காய்ந்த மாதிரித் திட்டுத் திட்டாக. மறைக்கலாம் என்று இன்னொரு பூச்சுப் பூசினேன், கறுத்த இடம் இன்னும் கறுத்தது. துணியால் அழுத்தித் துடைத்தேன், வெளிறிய இடம்தான் இன்னும் வெளிறியது. ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்ற மாதிரி, வெள்ளைக்காரன் மரத்தையும் அவன் பரம்பரையையும் திட்டினேன்.

மறுநாள் மூப்பர் வந்து பார்த்துவிட்டுக் கத்தினார். "ஆர் இதுக்குப் பொலிஷ் வேலை?"

நான் சொன்னேன்: "பொலிஷ் மச்சாளின்ர பொறுப்பு."

லோஞ்ச் ஏறுவதற்கு முன்னர் நீங்கள் பூசிவிட்டுப் போனது என்று மூப்பர் எடுத்துக்கொண்டார், நான் திருத்தவில்லை. நான் சொன்னது பொய் இல்லை. பொறுப்பு உங்களுடையதுதான். பொய் சொன்னவன் என்று என்னை எவனும் பிடிக்க ஏலாதபடி, அவ்வளவு சுத்தமாகச் சொன்னேன். இருபது வருடமாக அந்த ஒரு வசனத்தைத்தான் நான் மென்றுகொண்டிருக்கிறேன்.

நீங்கள் திரும்பி வந்தது வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம். லோஞ்சால் இறங்கி, கையில் கிளிவெட்டி அரிசிப் பையோடு நேரே கோயிலுக்கு வந்திருந்தீர்கள். வாசலிலேயே மூப்பர் பிடித்துக்கொண்டார். "புதுசா வேதத்துக்கு வந்தவளிட்டைக் கோயில் சாமானைக் குடுத்தது எங்கட பிழை" என்று அத்தனை சனத்துக்கு முன்னாலும் சொன்னார். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். நீங்கள் உள்ளே போய்த் தொட்டியைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். என் நகக்கண்ணில் தேக்கு நிறம் இருந்தது.

வெளியே வந்து சுவாமியிடம் சொன்னீர்கள்: "ஓம் சுவாமி, பிழைதான் நடந்திருக்கு. பரிசுத்த வாரத்துக்கு முதல் நான் சரியாக்கித் தாறன்."

நான் செய்தேன் என்றும் சொல்லவில்லை, மச்சான் செய்தார் என்றும் சொல்லவில்லை. அந்த இடத்தில் என் பெயரைச் சொல்லியிருந்தால் எனக்குக் கோயில் வேலை அன்றோடு போயிருக்கும். உங்களையும் றோசலினையும் சேர்த்து ஏழு பேர் என் பட்டறையை நம்பியிருந்தோம். அதைத்தான் நினைத்தீர்களா? இல்லை, செத்துப்போன அண்ணையின் தம்பி என்ற இரக்கமா? நான் கேட்கவே இல்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவீர்களே என்ற பயம்.

பத்து நாள் சுரண்டினோம். உடைந்த கண்ணாடித் துண்டுகளால், சாயம் குடித்த ஆழம் வரைக்கும். மூன்றாம் நாள், தலை நிமிராமலே கேட்டீர்கள்: "மச்சான், தகரத்தை நல்லாக் கலக்கிப்போட்டுத்தான் பூசினதோ?"

"எந்தத் தகரம்?" என்றேன்.

நீங்கள் கண்ணாடித் துண்டை மாற்றிக்கொண்டு அடுத்த பலகைக்குப் போனீர்கள். எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டீர்கள், நான் அதை அடித்துச் சாத்தினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு எதிரே இருந்து சாப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது நினைக்கிறேன்.

மரம் வெள்ளையாக வந்ததும் நீங்கள் செய்த காரியம்தான் காரியம். நான்கு துண்டுப் பலகையில் நான்கு விதமாகப் பூசி, சுவாமிக்கும் மூப்பருக்கும் முன்னால் வரிசையாக வைத்தீர்கள். ஒன்று வெறும் மரத்தில் சாயம், அதில் அதே தேமல். இரண்டாவது, அரக்குக் குடிக்கக் கொடுத்து அதன்மேல் சாயம். அசல் தேக்கு மாதிரியே இருந்தது. மூன்றாவது, தடித்த கறுப்பு வார்னிஷ், மரமே தெரியவில்லை. நான்காவது, நிறமே இல்லாமல் அரக்கு மட்டும்.

மூப்பர் உடனே இரண்டாவதில் கையை வைத்தார். "இதைத்தானே நான் கேட்டனான்!"

"வடிவுதான்" என்றீர்கள். "ஆனா ஐயா, இந்த நிறம் மேலோட இருக்கிற நிறம். உள்ளுக்குப் போகாது. இது சனம் முழங்கை ஊண்டுற சாமான். கடல் உப்புக் காத்தும் வேர்வையும் பட்டு, அஞ்சாறு வருசத்தில கைபடுற இடமெல்லாம் தேஞ்சு வெள்ளை தெரியும். அப்ப திரும்பவும் தேமல்தான். நாலாவதுக்குத் தேய நிறமே இல்லை. மங்கினா, அந்த இடத்தில மட்டும் இன்னொருக்கா அரக்குத் தொட்டாச் சரி. வருசம் போகப் போகத் தேன் நிறம் தன்ர பாட்டில வரும்."

"பாவசங்கீர்த்தனத் தொட்டி கறுப்பாய் இருக்கிறதுதான் முறை" என்று மூப்பர் விடவில்லை.

"முறை எண்டு எங்க எழுதியிருக்கு ஐயா? காட்டுங்கோ, நான் பூசித் தாறன்."

சுவாமி நான்காவதைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மூப்பருக்கு முகம் சிவந்துவிட்டது. இவ்வளவு திட்டு வாங்கிய ஒருத்தி, அதே ஆட்களுக்கு முன்னால், தன் பெயரைக் காப்பாற்றுகிற சுலபமான வழியை விட்டுவிட்டு மரத்துக்கு எது நல்லதோ அதைச் சொன்னாள். நானாக இருந்தால் இரண்டாவதைப் பூசிக் கொடுத்து, கும்பிடு போட்டுவிட்டு வந்திருப்பேன்.

பிறகு பதினைந்து பூச்சு. காலையில் வெயில் ஏறிப் பலகையில் ஈரம் போன பிறகு தொடங்கி, கடற்காற்று வீசுவதற்கு முன்னர் நிறுத்திவிடுவீர்கள். பஞ்சைத் துணிக்குள் சுற்றி, உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டு, கை ஒரு இடத்தில் நிற்காமல் சுழன்றுகொண்டே இருக்கும். தீர்த்தத் தொட்டி பக்கத்தில் இருந்தது. தண்ணீர் தெறித்தால் அரக்கு வெளுத்துப்போகும் என்று அதைச் சுவாமியைக் கொண்டே அந்தப் பக்கம் தள்ளிவைப்பித்தீர்கள். பரிசுத்த வாரத்தில் சனம் வரிசையில் நின்றபோது, தங்கள் முகம் பலகையில் தெரிகிறது என்று பெண்கள் தலை சரி செய்துகொண்டார்கள்.

ஆனால் மச்சாள், சனத்துக்கு நினைவில் நின்றது பதினைந்து பூச்சு இல்லை. "தேமல் திரேசம்மா" என்ற பட்டம்தான். ஓர்ஸ் ஹில் வீடுகள் ஒவ்வொன்றாக உங்களைக் கூப்பிடுவதை நிறுத்தின. மற்ற ஓடாவிமாரும் சாமான் தரவில்லை. கடைசியில் என் பட்டறை ஒன்றுதான் உங்களுக்கு மிஞ்சியது. நீங்கள் போட்ட மெருகுக்கு "அந்தோனி ஓடாவியின்ர அலுமாரி" என்று ஊர் பெயர் வைத்தது. நான் செய்த பிழையால் நான் வாழ்ந்தேன், நீங்கள் என் நிழலில் நின்றீர்கள்.

இன்னொன்று. இத்தனை வருடத்தில் அந்தத் தொட்டியில் நான் ஒரு நாளும் முழங்காலிடவில்லை. ஒவ்வொரு தவக்காலமும் லோஞ்ச் ஏறி மூதூருக்குப் போய்த்தான் பாவசங்கீர்த்தனம். அங்கேயும் கோபம் கொண்டேன், கள்ளுக் குடித்தேன் என்று சில்லறைப் பாவங்களைத்தான் சொன்னேன். சனம் என்னைப் பெரிய பக்திமான் என்றது. நீங்கள் மட்டும் வெற்றிலையை மடித்துக்கொண்டு கேட்பீர்கள்: "என்ன மச்சான், மூதூர்ச் சுவாமிக்குக் காது கொஞ்சம் மந்தமோ?" எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

திங்கட்கிழமை, வாங்குகளுக்கு நிறம் அடித்த பொலிஷ்காரரிடம் போனேன். கொழும்பில் வேலை பழகியவர். "தொட்டியில சுவாமி இருக்கிற இருக்கைக்குக் கீழ, கண்ணுக்குத் தெரியாத இடத்தில ஒரு சாண் சுரண்டிப் பூசிப் பாருங்கோ" என்றேன். பூசினார். விழுந்தது தேமல். மனிசன் தலையைச் சொறிந்துகொண்டு கதவுப் பலகையைக் கையால் தடவிப் பார்த்தார். "இதை ஆர் ஐயா செய்தது? நான் இதில கை வைக்க மாட்டன். இப்பிடி ஒரு கைகாரனை நான் கொழும்பிலயும் காணேல்லை."

"கைகாரன் இல்லை. கைகாரி" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரே போய் மூப்பரிடம் ஏலாது என்று சொல்லிவிட்டார். தொட்டி தப்பியது. உங்கள் பெயர் இன்னும் தப்பவில்லை.

நேற்று றோசலினை இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபிப்பாள், கதைக்காமல் விடுவாள் என்று நினைத்தேன். அவள் கொப்பி திருத்துவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "சித்தப்பா, அது அம்மாவுக்கு அண்டைக்கே தெரியும். எனக்கும் சொன்னவ."

"பிறகேன் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?"

"நானும் கேட்டனான். 'நான் சொன்னா அது கோள். அவர் சொன்னாத்தான் உண்மை. சொல்லுவார், சொல்லாமல் இருக்க ஏலாத மனுசன்' எண்டவ. ஆஸ்பத்திரியில கிடக்கேக்கயும், ஆரும் வந்து கதவைத் திறந்தா நீங்களோ எண்டு பாத்தவ."

நான் வந்தேன் மச்சாள். இரண்டு தரம் வந்தேன். தோடம்பழம் கொண்டுவந்தேன், மழையைப் பற்றிக் கதைத்தேன், போய்விட்டேன். நீங்கள் என்னை அவ்வளவு பெரிய மனுசன் என்று நம்பிக்கொண்டு கிடந்திருக்கிறீர்கள். அந்த நம்பிக்கைக்கு நான் என்ன செய்துவைத்திருந்தேன்?

சுவாமியிடம் அனுமதி கேட்டுவிட்டேன். ஞாயிறு உங்கள் பூசை முடிந்ததும் இந்தக் கடிதத்தை நானே வாசிக்கிறேன். முழங்காலில் நின்று வலைக்குள்ளால் முணுமுணுக்கப் போவதில்லை. உங்களைத் திட்டிய அதே வாசலில், சனம் வெளியே வருகிற நேரத்தில், மூப்பருக்கும் கேட்கும்படி சத்தமாக வாசிப்பேன். நடுவில் கண்ணாடியைத் துடைக்க வேண்டிவரும். ஒரு வரியில் மட்டும் தடுமாற மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குத் தருகிறேன்: பழுதாக்கியவன் அந்தோனி, சரியாக்கியவர் திரேசம்மா.

நீங்கள் இருக்கும்போது வாய் திறக்காத,
உங்கள் யோசேப்பின் தம்பி,
உங்கள் மச்சான்
அந்தோனி